எழிலரசியின் விரலுக்கு வந்த மரு

வடக்குப்பட்டு எழிலரசிக்கு ஒரு குணம். ஏதாவது துருத்திக்கொண்டு நின்றால் அவளுக்குப் பொறுக்காது. சாப்பாட்டுத் தட்டின் விளிம்பு கீறுகிறதா, எடு அரத்தை, தேய். கேட்டுத் தாழ்ப்பாளின் முனை புடவையை இழுக்கிறதா, தேய். கணவன் ரகுபதியின் குதிகால் வெடிப்பு போர்வையில் மாட்டுகிறதா, பாவம் அந்த மனுஷன் டிவி பார்த்துக்கொண்டிருக்கும்போதே காலைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு தேய்ப்பாள். "யோவ், ஆட்டாதய்யா" என்று அதட்டல் வேறு.

குற்றம் அவள்மேல் இல்லை, அவள் பார்க்கிற வேலைமேல். ஒரகடத்தில் காருக்கு அலுமினியப் பாகங்கள் வார்க்கிற ஒரு கம்பெனியில் அவளுக்கு ஃபினிஷிங் செக்ஷன். அச்சிலிருந்து வெளியே வரும் பாகத்தின் ஓரமெல்லாம் பிசிறாக இருக்கும். சில பிசிறு கண்ணுக்குத் தெரியும். சில பிசிறு கையைக் கிழித்த பிறகுதான் தெரியும். அதை அரம் போட்டுத் தேய்த்து எடுப்பதுதான் அந்த செக்ஷனுக்குப் பிழைப்பு. ஷிஃப்ட் முழுக்க நின்றுகொண்டே தேய்க்க வேண்டும். வீட்டுக்குப் போனால் கால் இரண்டும் வீங்கி, செருப்பைக் கழற்றவே தனியாக ஒரு ஷிஃப்ட் வேண்டும்.

அந்த செக்ஷன் முழுக்க ஒரே ஒரு நாற்காலிதான். கடைசி மேஜைக்குப் பின்னால் இருக்கிறது. பெட்டிக்குள் போகுமுன் ஒவ்வொரு பாகத்தையும் அங்கே உட்கார்ந்து, கையுறை இல்லாமல், வெறும் விரல் நுனியால் ஓரத்தைத் தடவிப் பார்க்க வேண்டும். எத்தனையோ வருஷம் நின்று தேய்த்த பிறகு எழிலரசிக்கு அந்த நாற்காலி கிடைத்தது. சிபாரிசில் அல்ல, விரலால். சூப்பர்வைசர் நடேசன் லேசில் யாரையும் புகழ மாட்டார். அவரே, "எழிலு வெரலு வெச்சி ஓகேன்னா, அப்பால மெஷினு பாக்கவே தேவல" என்று சொல்லியிருக்கிறார். அன்றைக்கு அவள் வீட்டில் கேசரி.

அப்படிப்பட்ட விரலில்தான் வந்தது மரு.

வலது கை ஆள்காட்டி விரலில், நகத்தை ஒட்டி, கடுகளவுக்கு. வேறு யாராக இருந்தாலும் நாலு நாள் பார்த்திருப்பார்கள். எழிலரசி பார்ப்பாளா? துருத்திக்கொண்டு நிற்கிறது. அவளுக்கு அதுவும் பிசிறுதான். செக்ஷன் டப்பாவிலிருந்து, அவ்வப்போது வீட்டுக்கும் எடுத்துப்போகிற சின்ன ஊசி அரத்தை எடுத்தாள், கர்ர்கர்ரென்று நாலு இழுப்பு. லேசாக ரத்தம் வந்தது. மஞ்சள் வைத்துவிட்டு, காரியம் முடிந்தது என்று டீக்குப் போய்விட்டாள்.

காரியமா முடிந்தது! ஒன்று இருந்த இடத்தில் மூன்று வந்தது. மூன்றையும் தேய்த்தாள். பக்கத்து விரலுக்குப் போனது. அதையும் தேய்த்தாள். கட்டைவிரலில் ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது. கடைசியில், எது நடக்கக் கூடாதோ அது நடந்தது. ஆள்காட்டி விரலின் நுனிச் சதையிலேயே, பிசிறு தெரிகிற அதே இடத்தில், சொரசொரவென்று ஒரு மரு.

இனி எங்கே பிசிறு தெரிவது? எந்தப் பாகத்தைத் தடவினாலும் சொரசொரப்பாகத்தான் இருந்தது. பாகம் சொரசொரப்பா, விரல் சொரசொரப்பா என்று அவளுக்கே விளங்கவில்லை. வெளியே சொல்லப் பயம். சொன்னால் நாற்காலி போச்சு. பிளாஸ்திரியை ஒட்டிக்கொண்டு, காய் நறுக்கும்போது வெட்டிக்கொண்டேன் என்று ஊரை ஏமாற்றினாள்.

எத்தனை நாள் ஏமாற்ற முடியும்? அவள் ஓகே சொன்ன பாகம் ஒன்று, வாங்கிய கம்பெனியின் லைனில் ஒரு பையனின் உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. நடேசனுக்கு மேலேயிருந்து செம டோஸ். அவர் நேரே கடைசி மேஜைக்கு வந்தார்.

"எழிலு, அந்த பிளாஸ்திரிய பிரி."

பிரித்தாள். நடேசன் பார்த்தார். திட்டுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

"இன்னாம்மா இது, கைய இப்டி வெச்சிகினு கீற?" என்றார் மெதுவாக. "சரியாவற வரிக்கும் பேக்கிங்ல நில்லு. அடுத்த மாசத்துக்கு அடுத்த மாசம் கஸ்டமர் ஆடிட்டு வருது, வாங்கற கம்பெனிகாரங்களே வந்து செக் பண்ணுவாங்க. அப்ப யாரு இந்த டேபிள்ல கீறாங்களோ அவுங்க போட்டோதான் போர்டுல ஏறும். அப்பால அடுத்த ஆடிட்டு வரிக்கும் மாத்த முடியாது. அதுக்குள்ள கைய சரி பண்ணிகினு வா, சேரு உன்னுதுதான்."

அதுவரை நாற்காலி காவேரிக்கு. காவேரி பிள்ளைப்பாக்கத்துப் பெண். எழிலரசிக்குப் பக்கத்தில் நின்று அரம் பிடிக்கக் கற்றுக்கொண்டவள். நல்லவள்தான். ஆனால் உட்கார்ந்த முதல் நாளே நாற்காலியில் ஒரு குஷன் போட்டாள் பாருங்கள், எழிலரசிக்கு வயிறு எரிந்துவிட்டது. குஷன் போடுகிறவள் ஒரு வாரத்தில் எழுந்துபோகிறவளா?

மரு என்று தெரிந்ததுதான் தாமதம், ஊரே வைத்தியராகிவிட்டது. கம்பெனி பஸ்ஸில் ஏறினால், முன் சீட்டிலிருந்து பின் சீட்டுவரை ஆளுக்கொரு மருந்து. அம்மான் பச்சரிசிச் செடியின் பாலை வை என்றார்கள். வயல் வரப்பில் தேடிப் பிடுங்கி வைத்தாள், மரு அதைக் குடித்துவிட்டுத் தெம்பாக வளர்ந்தது. சுண்ணாம்பும் சோடாவும் குழைத்து வை என்று பேக்கிங்கில் ஒருத்தி சொன்னாள். வைத்ததில் மருவைச் சுற்றியிருந்த நல்ல தோல் வெந்தது, மரு அப்படியே நின்றது. சீனி உருண்டை மாதிரி மாத்திரையும் சாப்பிட்டாள். அது இனிப்பாக இருந்தது, அவ்வளவுதான் சொல்ல முடியும். மாமியார் செல்லம்மாள், "வல்லக்கோட்டை முருகனுக்கு உப்பும் மொளகும் கொட்றேன்னு வேண்டிக்கடி, அது கரையறாப்பல இது கரைஞ்சிடும்" என்றாள். ஒரு செவ்வாய்க்கிழமை போய்க் கொட்டிவிட்டும் வந்தார்கள். முருகனுக்கு அந்த மாதம் வேலை அதிகம் போலிருக்கிறது.

இதற்கு நடுவில் ரகுபதி ஒரு வைத்தியத்தோடு வந்தான். அவன் ஓட்டுவதும் ஒரு கம்பெனி பஸ்தான். ஸ்டாண்டில் யாரோ சொல்லியிருக்கிறார்கள், குதிரை முடியை மருவின் அடியில் இறுக்கிக் கட்டினால் தானாக அறுந்து விழுமாம்.

"குதிரைக்கு எங்கய்யா போவ?" என்றாள் எழிலரசி.

நியாயமான கேள்வி. ஒரகடத்தில் கன்டெய்னர் லாரி வேண்டுமா, கிடைக்கும். கிரேன் வேண்டுமா, கிடைக்கும். குதிரை? ஆனால் ரகுபதி பெண்டாட்டிக்காக எதையும் செய்வான். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் மாப்பிள்ளை அழைப்புக்குச் சாரட்டு வண்டி நிற்பதைப் பார்த்துவிட்டான். குதிரைக்காரர் டீ குடிக்கப் போன சமயம் பின்னால் போய், வாலில் ஒரே ஒரு முடியைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தான். குதிரை சும்மா இருக்குமா? ஒரு உதை. பேன்ட் கிழிந்தது, ரகுபதி வாழைமரத்தோடு சரிந்தான், மாப்பிள்ளை வீட்டு வீடியோக்காரர் அத்தனையையும் எடுத்துவிட்டார். அந்தக் கல்யாண வீடியோவில் இன்றைக்கும் அவன் இருக்கிறான்.

முடியை மட்டும் விடவில்லை, கொண்டுவந்து சேர்த்தான். கட்டினார்கள். காலையில் பார்த்தால் மரு அப்படியே இருந்தது, விரல் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது. செல்லம்மாள் கத்தரிக்கோலை எடுத்து முடியை வெட்டிவிட்டு, மகனைப் பார்த்து, "நீயும் ஒன் வைத்தியமும், தூ" என்றாள்.

வாரங்கள் ஓடின. எழிலரசி நின்றுகொண்டே பெட்டி ஒட்டினாள். தூரத்தில் காவேரி உட்கார்ந்திருந்தாள்.

அப்போதுதான் ரகுபதிக்கு இடது கால் மக்கர் பண்ணத் தொடங்கியது. கிளட்சை மிதித்தால் குதிகாலில் முள் குத்துகிற வலி. கால் ஆணி என்று அவனே தீர்மானம் செய்துகொண்டு நொண்டினான். பஸ் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் மாடு மாதிரி துள்ளவே, ஏறுகிறவர்கள் ஏச ஆரம்பித்தார்கள். சனிக்கிழமை எழிலரசி அவனைத் தண்டலம் பக்கத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். அவனுக்காகத்தான் போனாள். தனக்குப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. மருவுக்கெல்லாம் போய் யாராவது டாக்டரிடம் நிற்பார்களா?

தோல் டாக்டர் சின்ன வயசுப் பெண். ரகுபதியின் குதிகாலைப் பார்த்தார். "இது ஆணி இல்லண்ணா, மரு" என்றார். பிறகு சீட்டை நீட்டியபோது, வாங்க வந்த எழிலரசியின் கையைப் பார்த்தார். சீட்டை விடாமல் அந்தக் கையை விளக்கடியில் இழுத்தார்.

"இத யாரும்மா தேய்ச்சது?"

"நான்தான் டாக்டர்" என்றாள் எழிலரசி, கொஞ்சம் பெருமையாகவே. "ஊசி அரம் வெச்சி."

"இவரு குதிகாலையும் நீங்கதான் தேய்ப்பீங்களா? அதே அரமா?"

"ஆமா."

டாக்டர் சிரிக்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் சீக்கிரம் அடக்கிக்கொண்டார். "அம்மா, மரு கிருமியால வருது. ஒவ்வொரு தடவ தேய்ச்சப்பவும் அந்தக் கிருமிய எடுத்துப் பக்கத்துல விதைச்சிருக்கீங்க. ஒங்க கைல விதைச்சது பத்தாம வீட்டுக்காரர் கால்லயும் நட்டுட்டீங்க."

ரகுபதி மெதுவாகத் திரும்பி மனைவியைப் பார்த்தான். "குதுர கையால ஒத வாங்கினு வந்தனே, எனுக்கு இதுதான் பரிசா?" என்றான்.

"குதுரைக்கு ஏதுய்யா கை, கம்முனு கெட" என்றாள் அவள். வேறு என்ன சொல்வது?

வைத்தியம் அன்றைக்கே தொடங்கியது. ஒரு குடுவையிலிருந்து புகை புகையாய் வந்த குளிர் திரவத்தை மருவின்மேல் வைத்தார்கள். குளிர்தான், ஆனால் சூடு போட்ட மாதிரி காந்தியது. சில வாரத்துக்கு ஒரு முறை வந்து இப்படி உறைய வைக்க வேண்டும். தினம் வெந்நீரில் விரலை ஊறவைத்து, மருவின்மேல் மட்டும் மருந்தைத் தொட்டு வைத்து, பிளாஸ்திரி போட்டு மூட வேண்டும். துண்டு தனியாக வைத்துக்கொள்ள வேண்டும்.

"கடைசியா ஒண்ணு, அதுதான் முக்கியம்" என்றார் டாக்டர். "தொடக் கூடாது. தேய்க்கக் கூடாது, கிள்ளக் கூடாது, பிய்க்கக் கூடாது. அந்த அரத்தத் தூக்கிப் போடுங்க. வேற யாராச்சும் அத எடுத்தாங்களா?"

"இல்ல டாக்டர்" என்றாள் எழிலரசி. சொல்லும்போதே மனசில் ஏதோ இடித்தது. என்னவென்று அப்போது பிடிபடவில்லை. "ஆடிட்டுக்குள்ள சரியாய்டுமா?"

"எந்த ஆடிட்டு? சரியாக மாசக்கணக்குல ஆகும்மா. பொறுமையா இருந்தா நிச்சயம் போயிடும்."

பொறுமை! அதைத்தான் ஆண்டவன் அவளுக்கு வைக்க மறந்திருந்தான். மரு கறுத்தது, கொப்புளித்தது, மேல்தோல் உரிந்து தொங்கியது. தொங்குகிற தோலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது என்றால் எழிலரசிக்கு உயிர் போகிற விஷயம். கை தானாகப் போகும். தானே தன் கையில் ஓர் அடி வைத்துக்கொள்வாள். வீட்டில் என்றால் மாமியார் கையைத் தட்டிவிடுவாள், பஸ்ஸில் யார் தட்டிவிடுவது என்று இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஆடிட்டுக்கு இரண்டு நாள் இருந்தது. மதியம் கை கழுவுகிற இடத்தில் காவேரி திரும்பி நின்றுகொண்டு ஏதோ செய்துகொண்டிருந்தாள். கர்ர்கர்ரென்று சத்தம். எழிலரசிக்குத் தெரியாத சத்தமா அது?

எட்டிப் பார்த்தாள். காவேரியின் சுண்டுவிரல் ஓரத்தில் கடுகளவுக்கு ஒரு மரு. கையில் செக்ஷன் டப்பாவிலிருந்த ஊசி அரம். எழிலரசி மருவைத் தேய்த்து, மஞ்சள் வைத்துவிட்டு, டீக்குப் போகுமுன் டப்பாவில் திருப்பிப் போட்ட, டாக்டர் சொல்லியும் தூக்கிப் போட மறந்த அதே அரம். டாக்டர் கேட்டபோது இடித்தது இதுதான்.

உள்ளதைச் சொல்கிறேன், எழிலரசி உடனே ஓடிப்போய்த் தடுக்கவில்லை. நின்றாள். நடேசனிடம் ஒரு வார்த்தை போட்டால் போதும், காவேரி எழுந்துவிடுவாள். ஆடிட்டு நாளில் மேஜைக்கு ஆள் இல்லாமல் இருக்க முடியாது, பழைய கையே தேவலாம் என்று தன்னைத்தான் கூப்பிடுவார்கள். அதுகூட வேண்டாம். ஒன்றுமே சொல்லாமல் போனாலும் போதும். தேய்க்கிறவள் தேய்க்கட்டும். நாற்காலி தானாக வரும். அவளுக்கு அந்த நாற்காலி அவ்வளவு வேண்டியிருந்தது. கால் இரண்டும் அப்போதே வலித்துக்கொண்டிருந்தன.

காவேரி அரத்தை மறுபடி விரலில் வைத்தாள்.

"அடியே, நிறுத்துடி!" எழிலரசி பாய்ந்து அரத்தைப் பிடுங்கினாள். "என்ன மாதிரி ஆவப் போறியா? இது என்னுதுடி. நான் குட்த்துதான் உனுக்கு வந்துகீது."

காவேரிக்கு முகம் வெளுத்தது. "அக்கா, நடேசன் சாராண்ட சொல்லிடாதக்கா."

"வாய மூடிகினு அரை நாள் லீவு போடு. நட."

தண்டலம் டாக்டர் பார்த்துவிட்டு, சின்னதாக இருக்கும்போதே வந்துவிட்டீர்கள் என்றார். ஒரே முறை உறைய வைத்துப் பிளாஸ்திரி போட்டு அனுப்பினார். நுனிச் சதைக்கு ஒன்றும் இல்லை. பஸ்ஸில் திரும்பும்போது காவேரி எழிலரசியின் தோளில் சாய்ந்து அழுதாள். எழிலரசிக்கும் அழுகை வந்தது. நல்லது செய்தோம் என்று அல்ல, நாற்காலி போனதே என்று.

ஆடிட்டர் வந்தார். காவேரி தடவிக் கொடுத்த பாகங்களில் ஒரு குறை இல்லை. போகிற போக்கில் சுண்டுவிரல் பிளாஸ்திரியைப் பார்த்து, அது என்ன என்றார். காவேரிக்குப் பொய் வராது.

"மரு சார். எழிலக்காதான் கண்டுபுட்ச்சி ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போச்சு."

ஆடிட்டரின் புருவம் ஏறியது. "உங்க கம்பெனில எல்லாரோட கையையும் செக் பண்றீங்களா?"

நடேசனுக்கு வியர்த்துவிட்டது. "பண்றோம் சார்! ஒவ்வொரு திங்கக்கிழமையும் பண்றோம் சார். அதோ அந்தம்மாதான் பாப்பாங்க" என்று பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த எழிலரசியைக் காட்டினார். ஆடிட்டருக்கு ஏக சந்தோஷம். அருமையான ஏற்பாடு என்று பாராட்டிவிட்டுப் போனார்.

ஆடிட்டரிடம் சொன்னது சொன்னதுதான், அதற்குப் பிறகு அது நடந்தே ஆக வேண்டும். கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அடுத்த திங்கள்முதல் எழிலரசி வாசலில் நின்று, தொடாமல், கண்ணால் மட்டும் எல்லார் கையையும் பார்த்தாள். போர்டில் காவேரியின் போட்டோ ஏறியது. கொஞ்சம் சிரித்த மாதிரி எடுத்திருந்தார்கள். எழிலரசி அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் வேறெங்காவது பார்த்துக்கொண்டு போனாள்.

பொறுத்ததற்குப் பலன் வராமல் போகவில்லை. ரகுபதியின் குதிகால் முதலில் தேறியது. பஸ் துள்ளுவதை நிறுத்தியது. பிறகு இவள் கட்டைவிரல், பிறகு நடுவிரல். ஒரு நாள் காலை பிளாஸ்திரியைப் பிரித்தால், ஆள்காட்டி விரல் நுனியில் மருவைக் காணோம். குழந்தைத் தோல் மாதிரி இளஞ்சிவப்பாக இருந்தது. கம்பெனிக்குப் போனதும் அரம் போடுகிற மேஜையிலிருந்து ஒரு பாகத்தை எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு ஓரத்தைத் தடவினாள். வழவழ, வழவழ, அப்புறம் ஓரிடத்தில் மெல்லிசாக, சுருக். பிசிறு! அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பாகத்தைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

நடேசனிடம் போய் விரலைக் காட்டினாள்.

"சந்தோசம் எழிலு. ஆனா போர்டுல காவேரி பேரு கீதே. அடுத்த ஆடிட்டு வரிக்கும் நான் ஒண்ணும் பண்ண முடியாது."

"ரெண்டு பேரும் பாக்கறோம் சார். இன்னொரு சேரு போடுங்க."

"சேரா? உனுக்குப் போட்டா செக்ஷனே கேக்கும். நடக்கற கதையப் பேசு."

அதோடு அது முடிந்தது. நாற்காலி கேட்கிறவர்கள் எல்லாருக்கும் நாற்காலி போட்டால் கம்பெனி என்ன ஆவது என்று அவர் போகும்போதும் புலம்பிக்கொண்டே போனார்.

சில வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை. சூப்பர்வைசர்களும் கையைக் காட்ட வேண்டும் என்று ஆபீசிலிருந்து உத்தரவு. எல்லாரும் காட்டிவிட்டுப் போன பிறகு, கடைசியாக நடேசன் வந்தார். வலது கையால் போனைக் காதில் வைத்துக்கொண்டு, இடது கையை மட்டும் நீட்டினார்.

"அந்தக் கை சார்."

"பாக்கறல்ல, போன்ல கீறேன்."

"போனு தலகீழா கீது சார்."

நடேசன் சுற்றுமுற்றும் பார்த்தார். போனைப் பையில் போட்டுவிட்டு, வலது கையை மெதுவாக விரித்தார். கட்டைவிரலில் மூன்று மரு. மேலே வெள்ளை வெள்ளையாகத் தேய்த்த தடம்.

எழிலரசி பார்த்தாள். நிதானமாக, ஆடிட்டர் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"யாராண்டயும் சொல்லாத எழிலு" என்றார் நடேசன் தாழ்ந்த குரலில்.

"நான் இன்னாத்துக்கு சார் சொல்லப் போறேன்? சனிக்கெழம நானே தண்டலத்துக்கு இட்டுகினு போறேன். கொஞ்சம் காந்தும், கத்தக் கூடாது."

"சரிம்மா."

"அப்பால, அந்தக் கடைசி டேபிளாண்ட இன்னொரு சேரு போட எடம் கீது சார்."

நடேசன் தன் கட்டைவிரலைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி கட்டைவிரலைப் பார்த்தார்.

"ஸ்டோர்ல ஒரு ஸ்டூலு சும்மாதான் கெடக்குது" என்றார்.

"ஸ்டூலு வேணாம் சார்" என்றாள் எழிலரசி. "முதுகு சாயற மாதிரி போடுங்க. காவேரிக்கும் அதே மாதிரி ஒண்ணு."